பிழைப்புக்கு ஒரு மொழி: புதுச்சேரியில் பிரெஞ்சு

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப்பாட்டுக்காகத்தான் படித்தார்கள். ஆனால் அந்த மொழி சோறு போட்டது கடைத்தெருவில் அல்ல. துணி வாங்கவும் விற்கவும் அது பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. வழக்கு மன்றம், பத்திர அலுவலகம், சுங்கம், பட்டாளம், பள்ளிக்கூடம் என்று அரசின் கை நீண்ட இடங்களில்தான் அதற்கு விலை இருந்தது. அரசும் சட்டமும் மாறியபோதெல்லாம் அந்த விலை ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. பிரெஞ்சு படித்துப் பணம் சேர்த்தவர்கள் பலர் அதைச் சேர்த்ததோ சொந்த ஊரில் அல்ல, கடல் கடந்து.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல் அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் உருவானது. அடுத்த பத்தாண்டுகளில் அதன் ஆட்கள் புதுச்சேரியில் இடம்பிடித்தார்கள். பிரான்சுவா மர்த்தேன் அதை ஒரு குடியிருப்பாக நிலைநிறுத்தினார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1697ஆம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கையின்படி ஊர் திரும்பக் கிடைத்து, 1699இல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி வந்தமர்ந்தார்கள். அவர்கள் வந்திறங்கிய சோழமண்டலக் கரையில் வெள்ளைக்காரரோடு பேசுவதற்கென்று ஒரு மொழி முன்பே புழக்கத்தில் இருந்தது. அது போர்த்துக்கீசு. துறைமுகம் துறைமுகமாகத் திரிந்து இலக்கணம் தேய்ந்துபோன ஒரு வணிகப் போர்த்துக்கீசை டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எல்லோருமே பேசினார்கள். தமிழ் வணிகன் ஒருவன் அதைக் கற்றிருந்தால் நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும் சென்னப்பட்டினத்திலும் புதுச்சேரியிலும் ஒன்றுபோலத் தொழில் நடத்தலாம். ஒரே ஒரு கம்பெனியிடம் மட்டும் செல்லும் பிரெஞ்சை அவன் எதற்காகக் கற்க வேண்டும்?

கம்பெனிக்கு வேண்டியிருந்த சரக்கு பருத்தித் துணி. அதைத் திரட்டுவது எளிய வேலையல்ல. கப்பல் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஊர் ஊராக முன்பணம் கொடுக்க வேண்டும். நெசவாளர், சலவைக்காரர், சாயக்காரர் என்று கைமாறி வரும் துணியின் நீளம், அகலம், நூலெண்ணிக்கை பார்க்க வேண்டும். தரம் குறைந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும். இவை அத்தனையும் தமிழிலும் தெலுங்கிலும் நடந்தன. கணக்கும் தமிழில்தான். இந்த வலைப்பின்னலுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்றவர் தலைமைத் துபாஷி. அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். வணிகர்களுக்குத் தலைவர், கம்பெனிக்குத் தரகர், நவாபின் தர்பாரோடு பேசும் தூதர், ஊர்ச் சண்டைகளைத் தீர்க்கும் பஞ்சாயத்தார் எல்லாமே அவர்தான். அவருடைய மூலதனம் சொல்லும் கடனும் உறவும். பிரெஞ்சு இலக்கணம் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

அந்தக் கடைசி இடமும் சில வேளைகளில் உயிர்நிலையாகிவிடும் என்பதற்கு நைனியப்பப் பிள்ளையின் வழக்கு சான்று. 1708இல் தலைமைத் துபாஷியான அவரை ஆளுநர் எபேர் 1716இல் கைது செய்தார். துபாஷிப் பதவி கிறிஸ்தவர் ஒருவரிடம் இருக்க வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரிமார் கொடுத்துவந்த நெருக்கடியும் இதன் பின்னணியில் இருந்தது. சாட்சிகள் தமிழில் சொன்னது போர்த்துக்கீசில் ஏறி, அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்து, எழுத்தில் பதிவானது. இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளரோ பாதிரிமாரின் உபதேசியாருடைய மகன். பிரான்சுக்குப் போய்வந்தவர், பிரெஞ்சு அறிந்தவர். குற்றம் சாட்டப்பட்டவருக்கோ தன் பெயரில் எழுதப்படும் வாக்குமூலத்தைத் தானே படித்துச் சரிபார்க்க வழியில்லை. சாட்டையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பானது. 1717இல் நைனியப்பர் சிறையிலேயே இறந்தார்.

அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை தேர்ந்தெடுத்த வழி வேறு. அவர் கப்பலேறி பிரான்சுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். சிறுவயது மன்னனுக்காக நாட்டை நடத்திவந்த ஓர்லெயான் கோமகன் பிலிப்பே அவருக்கு ஞானத் தந்தையானார். சான் மிஷேல் விருதுக் குழுவில் செவாலியே பட்டமும் கிடைத்தது. தந்தை மீதான தீர்ப்பு புரட்டப்பட்டது. குருவப்பர் திரும்பி வந்து தலைமைத் துபாஷியாகி, 1724இல் இறந்தார். நியாயம் கேட்பவர் அதிகாரத்தின் தலைநகருக்கே போய், அதன் மதத்திலும் மரியாதைகளிலும் இடம் பெற்றுக் கேட்டால் கிடைக்கும் என்ற பாடத்தைப் புதுச்சேரி இந்தக் குடும்பத்திடம் முதலில் கண்டது. பின்னாளில் பல தலைமுறைகள் இதே வழியில் போயின.

நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை. சென்னையிலிருந்து குடிபெயர்ந்து வந்த அவருடைய மகன்தான் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). ஆளுநர் லெனுவார் காலத்தில் பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் சாயத்துணிக் கிடங்கை நடத்தி அவர் பழகினார். பாக்கு வியாபாரம், துணி ஒப்பந்தம், ‘ஆனந்தப்புரவி’ என்ற சொந்தக் கப்பல் என்று தொழில் விரிந்தது. முந்தைய துபாஷியான கிறிஸ்தவர் கனகராய முதலியார் 1746இல் இறந்தபிறகு, பதவிக்கு நடந்த இழுபறியில் ஆளுநர் துய்ப்ளெக்ஸ் ஆனந்தரங்கரையே அமர்த்தினார். 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய சாகும்வரை அவர் எழுதிய நாட்குறிப்பு தமிழில் உள்ளது. கம்பெனியின் மிக உயர்ந்த இந்திய அலுவலர், பிரெஞ்சு ஆட்சியின் உள்விவகாரம் அத்தனையும் அறிந்தவர், தன் கணக்கையும் கவலையையும் வைத்திருந்தது தாய்மொழியில். ஆளுநரின் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசுபவர். துபாஷியைத் தாண்டி நேராகவே ஊராரிடம் பேசிக் காரியம் முடிக்கத் தெரிந்தவர். அவர்மீது நாட்குறிப்பில் வெளிப்படும் கசப்புக்கு இது ஒரு முக்கியமான காரணமாக இருந்திருக்க வேண்டும். இடைத்தரகரின் தொழிலுக்கு மிகப் பெரிய ஆபத்து, எதிர்த்தரப்பு நம் மொழியைக் கற்றுக்கொள்வதுதான்.

ஆனந்தரங்கர் இறந்த சில நாட்களில், 1761 ஜனவரி 16 அன்று, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. ஊர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. தலைமைத் துபாஷி என்ற பெரும் பதவிக்கு அதன்பின் பழைய கனம் திரும்பவில்லை. மொழி அறிவையே தொழிலாகக் கொண்ட வேறொரு வகை ஆள் அப்போது தலையெடுத்தார். மரிதாஸ் பிள்ளை (1721–1796) அவர்களில் ஒருவர். வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர் தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தார். கையெழுத்துப்படி பாரிஸ் போய்ச் சேர்ந்தது. அதை அடிப்படையாகக் கொண்ட நூல் 1788இல் ‘பாகவதம்’ என்ற தலைப்பிலேயே அங்கு அச்சானது. வெளியிட்டவர் ஃபூஷே தொப்சோன்வீல். இந்தியாவின் சமய நூல்களைப் பற்றி ஐரோப்பா தேடிக்கொண்டிருந்த காலத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்த வேலை அது. வருமானத்துக்குச் செய்ததா, விருப்பத்துக்குச் செய்ததா என்று பிரிப்பது கடினம்.

இந்தியர்களின் வழக்குகளை விசாரித்த மன்றத்துக்குச் சாவடி என்று பெயர். பிரெஞ்சு ஆவணங்களிலும் அது ‘ஷோத்ரி’ என்ற உருவத்தில் அப்படியே நுழைந்தது. நீதிபதி பிரெஞ்சுக்காரர், வாதிப்போர் தமிழர், வழக்கம் ஊர் வழக்கம், தீர்ப்பு பிரெஞ்சு. இந்த இடைவெளியில் மொழிபெயர்ப்பாளருக்கும் எழுத்தருக்கும் நிலையான வேலை இருந்தது. பிரெஞ்சு ஒரு முறையான உத்தியோக மொழியாக வேர்விட்டது இங்கிருந்துதான் என்று சொல்லலாம்.

இடையில் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியிருந்த ஊரை 1793இல் மறுபடி பிடித்த ஆங்கிலேயர், நெப்போலியன் போர்கள் முடிந்தபின் 1816இல் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது திரும்பி வந்தது பழைய புதுச்சேரி அல்ல. கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டியதற்கு மேல் படை வைக்கக் கூடாது என்று 1814ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கை கையைக் கட்டிவிட்டது. சுற்றிலும் ஆங்கிலேய ஆட்சி. பேரரசுக் கனவு போய், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்ற ஐந்து துண்டுகளை நிர்வகிப்பதே மிஞ்சிய வேலை. அந்த நிர்வாகத்தைப் பிரான்சு ஆழமாகவே நடத்தியது. 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணையின் மூலம் பிரான்சின் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்தியர்கள் தங்கள் சாதி வழக்கப்படியே நடக்கலாம் என்று விலக்கு உண்டு. அந்த வழக்கம் எது என்று நீதிபதிக்குச் சொல்ல 1827இல் இந்தியப் பெரியவர்கள் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவும் அமைந்தது.

இந்த ஏற்பாடு மொழிக்கு என்ன செய்தது என்பது கவனிக்கத்தக்கது. நிலம் விற்பதற்கும் கடன் எழுதுவதற்கும் பத்திரம் எழுதிப் பதியும் நொத்தேரிடம் போக வேண்டும். பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். மேல்முறையீடு பிரெஞ்சில் எழுதப்பட வேண்டும். அத்தனைக்கும் ஆள் தேவை. அதிகாரிகளை மட்டும் பிரான்சிலிருந்து அனுப்பலாம். நூற்றுக்கணக்கான எழுத்தர், பிரதி எடுப்பவர், அமீனா, மொழிபெயர்ப்பாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோரைக் கப்பலில் அனுப்பக் கட்டுப்படியாகாது. பிரெஞ்சு படித்த தமிழனுக்கு முதல் முறையாக ஒரு மாதச் சம்பளச் சந்தை உருவானது. நொத்தேர், மேர், கொம்யூன் போன்ற சொற்கள் புதுச்சேரித் தமிழில் குடியேறியதும் இந்த வழியாகத்தான். கிராமப்புற உள்ளாட்சிக்கு இன்றைக்கும் அங்கே கொம்யூன் பஞ்சாயத்து என்றே பெயர்.

பள்ளிகள் அடுத்தடுத்து வந்தன. ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில், 1826இல், அரசர் பெயரால் ஒரு கல்லூரி தொடங்கியது. ஐரோப்பியர், கலப்பினத்தார் பிள்ளைகளுக்கென்று திறக்கப்பட்ட அதுவே பெயரும் நிர்வாகமும் பல முறை மாறி இன்றைய பிரெஞ்சு லீசேயாக இருக்கிறது. 1827இல் பொது நூலகம் வந்தது. அதே ஆண்டில் குளூனி சான் ழோசேப் சபைக் கன்னியர் வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். 1844இல் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் பாதிரிமார் பெத்தி செமினேரைத் தொடங்கினார்கள். சட்டப் படிப்புக்கும் மருத்துவப் படிப்புக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே உள்ளூரில் வகுப்புகள் இருந்தன. கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. வெள்ளையர், சாதி இந்துக்கள், தாழ்த்தப்பட்டோர் என்று பள்ளியும் பெஞ்சும் பிரிந்தே கிடந்தன. கிறிஸ்தவப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. சமத்துவம் பேசிய குடியரசு ஆட்சியே சாதிப் பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து பல முறை பின்வாங்கியது. இந்துப் பிள்ளைகளுக்கு உயர் வகுப்புக் கல்வி தர கலவை சுப்பராய செட்டியார் கொடையால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது கல்வே கல்லூரி. பாரதிதாசன் தமிழ் படித்தது அங்கேதான்.

கற்பதற்கான கருவிகளும் உள்ளூரிலேயே உருவாயின. மிஷன் அச்சகத்தில் முஸ்ஸே, துய்ப்புய் என்ற இரு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி இரு பாகங்களாக 1855இலும் 1862இலும் வெளியானது. சமயப் பணிக்காகச் செய்யப்பட்டாலும் அது பெரிதும் பயன்பட்டது அலுவலகங்களில். துய்ப்புய் பாதிரியார் 1844இல் பெண்கல்விக்காக இந்தியக் கன்னியர் சபை ஒன்றையும் நிறுவியவர். அகராதியும் பள்ளியும் ஒரே கையால் நடந்தது தற்செயல் அல்ல.

வணிகம் இந்தக் காலத்தில் என்ன ஆனது? புதுச்சேரியின் பெரிய ஏற்றுமதி ‘கினே’ எனப்பட்ட நீலத் துணி. அவுரிச் சாயம் தோய்த்த அந்தத் துணி செனகலுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் கோந்து வாங்கியவர்கள் அதற்கு விலையாகக் கொடுத்தது இந்தத் துணியைத்தான். பல இடங்களில் அது நாணயம் போலவே செலவானது. புதுச்சேரி நெசவாளர்களும் சாயக்காரர்களும் ஒரு சொல் பிரெஞ்சும் தெரியாமல் பிரெஞ்சுப் பேரரசின் இரு கண்டங்களை இணைத்துக்கொண்டிருந்தார்கள். 1820களின் இறுதியில் தொடங்கிய சவானா ஆலை, 1898இல் வந்த ரோடியே ஆலை ஆகியவற்றிலும் எழுத்தர் மேசையைத் தாண்டி இறங்கினால் தமிழ்தான். ஆலைத் தொழிலாளிக்குப் பிரெஞ்சு சட்டம் உதவியது, அதுவும் பின்னர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலை வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு 12 பேர் பலியான பிறகே எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது.

ஆகவே பிரெஞ்சின் கதை மறுபடி வழக்கு மன்றத்துக்கே திரும்புகிறது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873இல் ஐரோப்பியப் பாணியில் காலணி அணிந்து நீதிமன்றத்தில் நுழைந்தார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி அவரை வெளியேற்றினார். பொன்னுத்தம்பி விடவில்லை. பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். பிரெஞ்சும் பிரெஞ்சுச் சட்டமும் கைவந்த ஒரு தலைமுறை, அந்த மொழியிலேயே ஆட்சியாளரை மடக்கத் தொடங்கியதன் அடையாளம் இது.

அடுத்த படி 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை. சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்பட விரும்பும் இந்தியர் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு ‘ரெனோன்சான்’ என்று பெயர். பொன்னுத்தம்பியே முன்னின்று துறந்து, லப்போர்த் என்ற பெயரை ஏற்றார். பலர் தந்தை பெயரையோ தாத்தா பெயரையோ பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். சாதியின் பிடியிலிருந்து தப்ப நினைத்த தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களும், வேளாளர் முதலிய சாதிகளின் படித்தவர்களும் இதில் சேர்ந்தார்கள். நடு சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி இந்துக்களின் கட்சி இதைக் கடுமையாக எதிர்த்தது. வாக்குரிமை 1848இலேயே வந்துவிட்டதால் துறப்பதற்கு அரசியல் காரணம் மட்டும் போதாது. தொழில் காரணம் ஒன்று இருந்தது. அதன் பெயர் சைகோன்.

பிரான்சு 1859இல் சைகோனைப் பிடித்து, 1862 உடன்படிக்கையால் கொச்சின்சீனாவில் காலூன்றியது. புதிய குடியேற்றத்தில் வரி வாங்க, கடிதம் பிரிக்க, சிறையைக் காக்க, சுங்கம் பார்க்க, போலீஸ் வேலைக்கு நிற்கப் பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டும். வியட்நாமியர்களில் அப்போது அப்படிப்பட்டவர் அரிது. பிரான்சிலிருந்து வருபவருக்குச் செலவு அதிகம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பள்ளி முடித்து வேலை கிடைக்காத இளைஞர்களோ ஏராளம். ரெனோன்சானாக இருந்தால் பிரெஞ்சுக் குடிமகனுக்குரிய பதவியையும் சம்பளத்தையும் கேட்கும் வாதமும் கையில் இருந்தது. கேட்டார்கள். ஐரோப்பியருக்குக் கொடுக்கும் கூடுதல் படி இந்தியருக்கும் உண்டா என்பது சைகோனில் பல ஆண்டுகள் நீண்ட தகராறு. தேர்தலில் அவர்களுடைய வாக்குகள் யாருக்கு விழும் என்பதை வெள்ளை அரசியல்வாதிகள் எண்ணிப் பார்த்தார்கள், ஏசினார்கள், கெஞ்சவும் செய்தார்கள்.

சைகோனில் தமிழர் எல்லோரும் ஒரே கூட்டம் அல்லர். நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள். பெரும்பாலும் ஆங்கிலேயக் குடிகளான அவர்களுடைய பேரேடு தமிழில் இருந்தது. முஸ்லிம் வணிகர்கள் துணிக்கடை வைத்தார்கள். இந்த இரு தரப்பும் சேர்த்த செல்வத்தோடு ஒப்பிட்டால் சுங்கக் குமாஸ்தாவின் சம்பளம் சிறியது. ஆனால் செட்டியார் கடன் பாக்கிக்காக வழக்குப் போட வேண்டியிருந்தால் பிரெஞ்சு எழுதத் தெரிந்தவரைத் தேடித்தான் போக வேண்டும். குமாஸ்தாவுக்கு இன்னொன்றும் இருந்தது: ஓய்வூதியம். ஊருக்கு வந்து வீடு கட்டி, பிள்ளைகளை மறுபடி பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்ப அது போதும். சைகோன் பணம் புதுச்சேரித் தெருக்களில் மாடி வீடுகளாக நின்றது. வியட்நாமியப் பெண்களை மணந்து திரும்பியவர்களும் உண்டு; புதுச்சேரி உணவு வகைகளில் வியட்நாமியச் சுருள்கள் இடம்பெற்றது அவ்வழியே. அதே கடலில் வேறு கப்பல்களில் ரெயூனியோன், குவாதலூப், மர்த்தினீக் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் பிரெஞ்சின் கிரியோல் வடிவத்தைக் கற்றார்கள். அது உத்தியோகக் கல்வி அல்ல; அவர்கள் சந்ததியில் தமிழ் மங்கியதற்கும் அதுவே ஒரு காரணம்.

பட்டாளம் இன்னொரு வாசல். முதல் உலகப்போரில் பிரெஞ்சு இந்தியர் பிரான்சுக்காகப் போரிட்டார்கள். இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் 1938இல் கடற்கரைச் சாலையில் திறக்கப்பட்டது. 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வேன் தெ கோலின் சுதந்திர பிரான்சு அணியில் சேர, மறுபடி ஆட்கள் போனார்கள். பிறகு இந்தோசீனப் போர், அல்ஜீரியப் போர். ஊர்த் தமிழில் இவர்கள் ‘சொல்தா’. அலுவலக வேலைக்கு வேண்டிய அளவு படிப்பு சொல்தாவுக்கு வேண்டியதில்லை. கட்டளை புரியவும் படிவம் நிரப்பவும் தெரிந்தால் போதும். கல்லூரி வாசல் மூடியிருந்த சாதிகளின் பிள்ளைகளுக்கும் படைமுகாம் திறந்திருந்தது. பிரெஞ்சால் அடைந்த சமூக ஏற்றத்தில் வழக்கறிஞரின் பங்கைவிடச் சொல்தாவின் பங்கே பரவலானது. புத்தகங்களில் இடம்பிடித்தவர் மட்டும் வழக்கறிஞர்.

உள்ளூரில் ஏணிப்படிகள் தெளிவாக இருந்தன. ஆரம்பக் கல்விச் சான்றிதழ் முடித்தால் கீழ்நிலை வேலை. ‘பிரவே’ முடித்தால் ஆசிரியர் அல்லது எழுத்தர். பக்கலோரேயா முடித்தால் பிரான்சில் மேற்படிப்பு. தமிழுக்கும் தனியாக ஒரு பிரவே இருந்தது. இந்த ஏணியில் ஏறியவர்களே பின்னாளில் அரசியலை நடத்தினார்கள். நீதிமன்ற அலுவலராக இருந்த எதுவார் குபேர் அவர்களில் முக்கியமானவர். பிரெஞ்சு ஆதரவாளராகத் தொடங்கி, இந்திய இணைப்பின் பக்கம் திரும்பி, 1963இல் புதுச்சேரியின் முதலமைச்சரானவர்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கையைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதன் 28ஆம் பிரிவு, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்கிறது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஓர் ஏற்பாடு. சில ஆயிரம் பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். ஓய்வூதியமும் பிள்ளைகளுக்குப் பிரான்சில் வேலையும் கணக்கில் இருந்தன. தயங்கி விட்டுவிட்டவர்களின் குடும்பங்கள் அதைப் பல்லாண்டு பேசி வருந்தின. கல்யாணச் சந்தையில் பிரெஞ்சுக் குடியுரிமை ஒரு தகுதியாகவே மாறிப்போனது.

காகிதத்தில் ஆட்சிமொழியாக இருந்த பிரெஞ்சு அலுவலகத்தில் வேகமாக ஒதுங்கியது. 1962இல் புதுச்சேரி சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வந்தது. 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழையும், மாஹேயில் மலையாளத்தையும், ஏனாமில் தெலுங்கையும், கூடவே ஆங்கிலத்தையும் அலுவல் மொழிகளாக்கியது. 1968இல் இந்தியச் சட்டங்கள் பெருமளவில் நீட்டிக்கப்பட்டன. பிரெஞ்சில் கோப்பு எழுதிப் பழகிய நடுவயது அலுவலர்கள் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அவர்களுடைய பணிக்காலத்தின் பின்பாதி எளிதாக இருந்திருக்காது. முற்றிலும் அழியாமல் நின்றவை பழைய பத்திரங்கள். புதுச்சேரியில் பழைய சொத்து ஒன்றின் மூலப்பத்திரத்தைத் தோண்டினால் நொத்தேர் எழுதிய பிரெஞ்சு ஆவணம் வரும். அதைப் பெயர்த்துத் தர இன்றும் ஆள் வேண்டும். ரெனோன்சான் குடும்பங்களின் வாரிசுரிமை வழக்குகளில் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் இன்னும் எழுந்து வருகிறது. பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1955இல் ழான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கியபோது சமஸ்கிருதமும் தமிழும் அறிந்த பண்டிதர்களுக்கும் அங்கே வேலை கிடைத்தது.

இன்று பிரெஞ்சு கற்பிக்கும் அமைப்புகளின் வேரும் பழையதே. அலியான்ஸ் பிரான்சேஸ் 1883இல் பாரிசில் தொடங்கியது. ஆறே ஆண்டுகளில், 1889இல், புதுச்சேரியில் கிளை கண்டது. சென்னைக் கிளை 1953இல் வந்தது. அரசு வேலை என்ற இலக்கு போனபின் சான்றிதழ் என்ற இலக்கு முன்வந்தது. பாரிஸ் வணிகத் தொழிற் சபை 1958இலேயே வணிகப் பிரெஞ்சுக்கெனத் தேர்வு நடத்தத் தொடங்கியிருந்தது. கடிதம் எழுதுவது, விலை பேசுவது, அலுவலகத் தொலைபேசியில் பேசுவது ஆகியவற்றைத் தனிப் பாடமாக்கிய முயற்சி அது. 1985இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் டெல்ஃப், டால்ஃப் சான்றிதழ்களை உருவாக்கியது. 1998இல் அதே வணிகத் தொழிற் சபை தெஃப் தேர்வைக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் மொழி என்ற கணக்கில் பிரெஞ்சு எடுத்தவர்கள் பல தலைமுறை. தேர்வுக்குப் பின் அதில் பெரும்பகுதி மறந்துபோகும். தொழிலுக்காகக் கற்பவர்கள் வேறு வகை: மொழிபெயர்ப்பு நிறுவனங்கள், பிரெஞ்சு வாடிக்கையாளர்களைக் கையாளும் சேவை மையங்கள், 2010இல் ஒரகடத்தில் திறந்த ரெனோ–நிசான் போன்ற ஆலைகள் ஆகியவற்றைக் குறிவைப்பவர்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பை மையமாகக் கொண்ட பிரெஞ்சு முதுகலைப் படிப்பு இருக்கிறது. ஆலைத் தளத்திலும் கணினித் திரையிலும் ஆங்கிலமே ஓடும் நிறுவனங்கள் பல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு அங்கே கூடுதல் தகுதி, முதல் தகுதி அல்ல. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பதாக 2023இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் அறிவித்த பிறகு பிரான்சில் படிப்பதற்கான ஆர்வமும் கூடியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட வகுப்பறைகளை இப்போது நிரப்புவது கனடா. நிரந்தரக் குடியேற்றத்துக்கான புள்ளிக் கணக்கில் அந்நாடு பிரெஞ்சுக்குக் கூடுதல் புள்ளி தருகிறது. 2023 முதல் பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றுகளில் விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு அது ஏற்கும் தேர்வுகளில் ஒன்று பாரிஸ் வணிகத் தொழிற் சபையின் அந்தத் தெஃப் தேர்வே. கணினித் துறையிலும் கணக்குத் துறையிலும் வேலை பார்ப்பவர்கள் மாலை வகுப்புகளில் சேர்ந்து, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கிலும் குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டும்வரை படிக்கிறார்கள். எட்டாதவர்கள் மறுபடி கட்டணம் கட்டி எழுதுகிறார்கள்.